முள் ஏறாத எஞ்சின்

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் பக்கம் வரை கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். வரிசை பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. ஓட்டுநர் எஞ்சினை அணைப்பதில்லை. முன்வண்டி எப்போது நகரும் என்று தெரியாது, சற்றே அசந்தால் வேறொரு வண்டி இடையில் புகுந்துவிடும். மேலே கத்திரி வெயில், கீழே தார்ச்சாலையின் அனல், பக்கத்து வண்டியின் புகை. இப்படி ஓர் இடத்தில் நிற்கும் டீசல் எஞ்சினுக்குக் குளிர் பிடித்திருக்கிறது என்றால் நம்புவது கடினம்தான்.

எஞ்சினின் குளிர் வேறு கணக்கு. மனிதருக்கு 20 டிகிரி குளிர் என்றால், எஞ்சினுக்கு 60 டிகிரியே குளிர். பெரும்பாலான லாரி, கார் எஞ்சின்கள் தம்மைச் சுற்றி ஓடும் கூலன்ட் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் இடையே விடும் இடைவெளி, ஆயிலின் கெட்டித்தன்மை, டீசல் தெளிக்கும் நேரம் எல்லாவற்றையும் அந்தச் சூட்டை மனதில் வைத்தே வரைகிறார்கள். 55 டிகிரியில் நாள் முழுக்க ஓடும் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடாது, ரேடியேட்டரைக் கொதிக்கவிடாது, யாரையும் பயமுறுத்தாது. சத்தமில்லாமல் தேயும்.

குளிர் நாடுகளில் இந்தக் கோளாற்றை முதலில் உணர்பவை ஓட்டுநரின் கால்கள். கேபின் ஹீட்டருக்கான வெந்நீர் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் சூடேறவில்லை என்றால் ஹீட்டரிலிருந்து சில்லென்ற காற்று வரும். மறுநாளே வண்டி பட்டறையில் நிற்கும். சென்னையில் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்? இங்கே மிஞ்சியிருப்பது டேஷ்போர்டில் இருக்கும் ஹீட் மீட்டரின் முள் ஒன்றுதான். அது மேலே ஏறினால் எல்லோருக்கும் பதற்றம், கீழே படுத்துக்கிடந்தால் நிம்மதி. "வண்டி சூடே ஆவறதில்லண்ணே" என்று பெருமையாகச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. அந்தப் பெருமைக்குரிய வண்டியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் எரியும்போது நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சூடான எஞ்சினில் அது அத்தனையும் ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். லைனர் சுவர் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அந்த ஆவியில் ஒரு பகுதி, பானைத் தண்ணீர் மொண்டு வைத்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல, சுவரிலேயே துளிர்த்துப் படியும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயுக்கள் அந்த ஈரத்தில் கரைந்தால் கந்தக அமிலம். இரும்பை அரிக்க அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிலிண்டர் தேய்வதற்குத் தூசியும் உராய்வும் மட்டுமே காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1930களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்துக்காக சி.ஜி. வில்லியம்ஸ் நடத்திய சோதனைகள் அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டன. சிலிண்டர் சுவரின் சூடு குறையக் குறைய, அமில அரிப்பால் தேய்மானம் செங்குத்தாக ஏறுவதை அவை காட்டின. பாரத் ஸ்டேஜ் எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில், பிஎஸ்3 காலத்து டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு வரை கந்தகம் இருந்தது. பிஎஸ்4இல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்6 டீசலில் 10தான். ஆகவே அமிலத்தின் கொடுமை இன்று குறைந்திருக்கிறது. நீரும் எரியாத டீசலும் செய்யும் கேடு குறையவில்லை.

எரியாத டீசல் என்பது சின்ன விஷயமில்லை. குளிர்ந்த அறைக்குள் தெளிக்கப்படும் டீசல் முழுக்க ஆவியாவதில்லை. எஞ்சியது லைனர் சுவரில் ஒட்டி, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங்குகளைத் தாண்டி ஆயில் சம்புக்குள் இறங்கும். அதனால்தான் இத்தகைய வண்டிகளில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறையாமல் இருக்கும். சில நேரம் கூடியே இருக்கும். "ஒரு சொட்டு ஆயில் குடிக்கல" என்று மகிழ்வதற்கு முன் அந்த ஆயிலை முகர்ந்து பார்க்க வேண்டும். டீசல் வாடை அடித்தால் அது கலப்படமான ஆயில். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெளிறிய பசை படிந்திருந்தால், உள்ளே படிந்த நீர் ஆவியாக வழியில்லாமல் ஆயிலோடு கடைந்துபோயிருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே பசை வரும். ஆனால் அப்போது கூலன்டும் குறையும். குறைகிறதா, இல்லையா என்பதைப் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம்.

ஆயிலின் கெட்டித்தன்மை இன்னொரு பக்கம். லாரிகளுக்குப் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 ஆயிலின் பிசுக்கு 40 டிகிரியில் சுமார் 110 சென்டிஸ்டோக்ஸ்; 100 டிகிரியில் அது 14, 15 ஆக இறங்கிவிடும். வெல்லப்பாகுக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு. கெட்டியான ஆயிலைத் தள்ளவே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அந்தச் செலவு டீசல் பில்லில்தான் வந்து விழும்.

துறைமுக வரிசை இதை இன்னும் மோசமாக்குகிறது. சும்மா நிற்கும் பெட்ரோல் எஞ்சின் காற்றையும் குறைத்தே உறிஞ்சும். டீசல் எஞ்சின் அப்படியில்லை; ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, அதில் துளியளவு டீசலை மட்டும் எரிக்கிறது. எரிவது கொஞ்சம், இழுப்பது முழுக்கக் காற்று. ஐட்லிங்கில் நிற்கும் டீசல் எஞ்சின் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது என்றே சொல்லலாம். சூட்டைப் பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வும் இல்லை என்றால், அது மே மாதத்திலும் 60 டிகிரியைத் தொடத் திணறும். லேசான சுமையில் மணிக்கணக்காக ஓடும் ஜெனரேட்டர்களிலும் இதே நோய்தான். சைலன்சர் மூட்டில் கறுப்பாக எண்ணெய் கசிவது அதன் அடையாளம்.

தெர்மோஸ்டாட் எங்கே போயிற்று? பெரும்பாலும் யாரோ ஒருவர் எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்.

அதற்கு ஒரு வரலாறு உண்டு, அதைப் புரிந்துகொள்ளாமல் மெக்கானிக்குகளைக் குறை சொல்வது நியாயமில்லை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அந்த நிறுவனம், பிரிட்டனின் லேலண்டோடு கைகோத்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. இங்கிலாந்தில் வரைந்த எஞ்சின்கள் நம் வெயிலில் ஓடத் தொடங்கின. தெர்மோஸ்டாட் குளிர் தேசத்துக்கான சாமான், நமக்கு எதற்கு என்ற எண்ணம் பட்டறைகளில் வேரூன்றியது இயல்பு. அதோடு தண்ணீர். கூலன்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில் கிடைத்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிவிட்டதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துவருகிறார்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும், தெர்மோஸ்டாட்டின் வால்விலும் படிந்து அதை இறுக்கும். வண்டி கொதிக்கும். நடுரோட்டில் நிற்கும் வண்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் உடனே ஓடும். அன்றைய நிலையில் அது உயிர்காத்த வைத்தியம். அவசரத்துக்குச் செய்த அந்த வைத்தியம் நிரந்தர வழக்கமாகிவிட்டதுதான் கேடு.

இன்றைய வண்டியில் 90 டிகிரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ரேடியேட்டர் மூடி சமையலறைக் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் ஏறும். மூடியும் சரியாக இருந்து, கூலன்டும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் 110 டிகிரிக்கு மேலும் அது கொதிக்காமல் தாங்கும். 90 என்பது எஞ்சினின் நல்ல உடல்வெப்பம், காய்ச்சலில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எல்லா எஞ்சினும் குளிர்வதுமில்லை. பல எஞ்சின்களில் அந்த வால்வுக்கு இரண்டு தட்டுகள். மேல்தட்டு ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போது, கீழ்த்தட்டு எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்து கிடக்கும். வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே திரும்பிவரும். வெறும் வண்டியில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின், முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போது கொதிப்பது இப்படித்தான். கொதிக்கக் கூடாது என்று கழற்றினார்கள், கழற்றியதால் கொதிக்கிறது.

இத்தனைக்கும் அந்தச் சாமான் உள்ளங்கையில் அடங்கும். பழைய தெர்மோஸ்டாட்டுகளில் எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய, துருத்திபோல மடிப்புள்ள உலோகக் குடுவை இருந்தது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் திரவத்துக்குப் பதில் மெழுகைப் பயன்படுத்தினார். சிறிய செம்புக் கிண்ணத்தில் மெழுகை அடைத்து, நடுவில் ரப்பர் உறையோடு ஓர் ஊசியைச் செருகிய அமைப்பு அது. மெழுகு உருகும்போது நன்றாக விரியும். விரிந்த மெழுகு ஊசியை நெருக்கித் தள்ள, வால்வு திறக்கும். ஆறும்போது ஸ்பிரிங் அதை மூடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எந்த டிகிரியில் திறக்க வேண்டுமோ அந்த டிகிரியில் உருகும் மெழுகைத் தேர்ந்தெடுத்தால் போதும். இன்றும் சாலையில் ஓடும் பெரும்பாலான லாரிகளிலும் கார்களிலும் இதுதான் இருக்கிறது. வால்வின் மேலேயே 82, 88 என்று எண் பொறித்திருப்பார்கள்.

சரி, முள் ஏறாத வண்டி பட்டறைக்கு வந்தால் எங்கே தொடங்குவது?

முள் உண்மை சொல்கிறதா என்பதே முதல் கேள்வி. கடற்கரை ஓரத்தில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கவே கூடாது. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார், சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் வகை. பரவலாக இருக்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். எண்ணூரின் உப்புக்காற்றில் அந்த கனெக்டருக்குள் பச்சைப் பாசிபோலக் களிம்பு பூத்தால், அந்தக் களிம்பின் தடையும் சென்சாரின் தடையோடு சேரும். தடை கூடினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் கணக்கில் குளிர். எஞ்சின் 88 டிகிரியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அதை 60 என்று நம்பி டீசலைக் கூட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேனரைப் பொருத்திவிட்டு கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி காட்டும். கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால் எண் உச்சத்துக்குப் போகும். இரண்டும் சரியாக வந்தால் வயரிங்கில் குறையில்லை, சந்தேகம் சென்சார் மேல் திரும்பும். கூலன்ட் அளவையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் அதுவும் பொய்தான் சொல்லும்.

சூட்டைத் தனியாக அளந்துபார்க்க, தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர் இன்று பல பட்டறைகளில் கிடைக்கிறது. அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டுபவர்கள் ஏமாறுவார்கள். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால் கருவி குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் அளந்தால் உண்மைக்கு நெருங்கிய எண் கிடைக்கும்.

எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்துதான் இருக்கிறது என்று உறுதியானால், அடுத்தது கையால் பார்க்கும் சோதனை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டி நின்று, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடங்கள் சில்லென்றே இருக்கும். பிறகு வால்வு திறந்ததும் சட்டென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது வால்வே இல்லை. சாலையிலும் இதைக் கவனிக்கலாம்: நெரிசலில் ஓரளவு ஏறும் முள், வேகம் எடுத்ததும் எதிர்காற்று பட்டு இறங்கினால் அதே காரணம்தான்.

ஃபேனையும் மறக்கக் கூடாது. எப்போதோ ரிலே போனபோது சுவிட்ச் இல்லாமல் "டைரக்ட்" கொடுத்துவிட்ட எலெக்ட்ரிக் ஃபேன் இரவும் பகலும் சுற்றும். லாரிகளில் ஃபேன் கிளட்ச் இறுகிப்போனால் காலையில் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே பேரிரைச்சல் கேட்கும். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஃபேன் மட்டும் எஞ்சினை அவ்வளவாகக் குளிரவைத்துவிட முடியாது; இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் சூடு ஏறவே ஏறாது.

கடைசிச் சோதனைக்கு ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீரில் நூலால் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துச் சூடாக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் எதுவும் படக் கூடாது. 82 என்று பொறித்த வால்வு அந்த அளவுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, 95 டிகிரிவாக்கில் முழுக்கத் திறந்து, ஆறியதும் இடுக்கில்லாமல் மூட வேண்டும். 65இல் திறந்தால், மூடும்போது வெளிச்சம் தெரிந்தால், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே எண் கொண்ட புதியதை வாங்க வேண்டும். எண் மாறிய வால்வைப் போடுவது பாதி கழற்றியதற்குச் சமம்.

பிஎஸ்6 வண்டிகளில் இந்தக் கோளாறு வண்டிக்காரரின் பையோடு நிற்பதில்லை. கார்களில் கூலன்ட் சூடு தெர்மோஸ்டாட்டின் அளவை எட்டாவிட்டால் பி0128 என்ற குறியீட்டோடு செக் எஞ்சின் விளக்கு எரியும். டீசல் வண்டிகளில் அதற்கு மேலும் இருக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அவ்வப்போது அந்தக் கரியைச் சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் சூடேறாதவரை கம்ப்யூட்டர் அதைத் தொடங்கவே விடாது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்த யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் புகை ஏறத்தாழ 200 டிகிரியை எட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு டிரெய்லரும் அந்த வாயுவை அப்படியே வெளியே விடுகிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் எண்ணூரின் நிலக்கரிக்கும் நடுவில் ஏற்கெனவே மூச்சுவிடத் தவிக்கும் தெருக்கள் அவை.

கடலிலும் இதே அறிவியல் வேறு முகம் காட்டுகிறது. லாரிக்கென்று உருவான டீசல் எஞ்சின்களைக் கடலுக்கேற்ப மாற்றி விசைப்படகுகளில் பொருத்துவது இந்தியக் கடற்கரைகளில் பழைய வழக்கம். அசோக் லேலண்டே மரைன் எஞ்சின்களும் விற்கிறது. கடல்நீரையே நேராக எஞ்சினுக்குள் ஓடவிட்டால், 60 டிகிரிவாக்கிலேயே உப்பு படிந்து வழியை அடைக்கத் தொடங்கும். அதனால் அத்தகைய எஞ்சின்களை வேண்டுமென்றே குளிராக ஓட்ட வேண்டியிருக்கிறது. தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு அடைப்பைத் தவிர்க்கிறார்கள். நல்ல நீரை எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, அந்த நீரை மட்டும் கடல்நீரால் குளிரவைக்கும் அமைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே படகு எஞ்சினும் லாரியைப்போல 80 டிகிரியில் ஓடலாம்.

எண்ணூரிலிருந்து சற்றுத் தெற்கே வந்தால் திருவொற்றியூர். 1955இல் அங்கே என்ஃபீல்ட் இந்தியா பூட்டத் தொடங்கிய புல்லட்டுக்கு ரேடியேட்டரும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. காற்று பட்டால் ஆறும், நின்றால் சூடேறும். தன் சூட்டைத் தானே நிர்வகிக்கும் வசதி அதற்குக் கிடையாது. 2023இல் வந்த ஹிமாலயன் 450தான் ராயல் என்ஃபீல்டின் முதல் நீர்க்குளிர்ப்பு பைக். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, எஞ்சினின் சூட்டை ஒரு சிறிய வரம்புக்குள் பிடித்துவைக்க வேண்டிய தேவை இருசக்கர வண்டிக்கும் வந்துவிட்டது.

பத்தாண்டு பழைய டிரெய்லரோ, சிறிய லோடு வண்டியோ வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: "அண்ணே, இதுல தெர்மோஸ்டாட் உள்ள இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், முதலில் ரேடியேட்டரைக் கழுவி, அடைப்பை எடுத்து, நல்ல கூலன்ட் ஊற்றி, மூடியின் ரப்பரைச் சோதியுங்கள். அதன்பிறகு அந்த எஞ்சினுக்கு உரிய எண் கொண்ட வால்வை வாங்கித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். முள் நடுவில் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அங்கேதான் நிற்க வேண்டும்.